இரண்டு சென்டிமீட்டர் பிழை: மாணவர் உடல்தகுதியை அளக்க ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

ஒன்பது வயது நிறைந்த ஒரு சிறுவன். எடை 30 கிலோ, உயரம் 130 சென்டிமீட்டர். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பி.எம்.ஐ. 17.75. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அட்டவணைப்படி, அந்த வயதுச் சிறுவனுக்கு 17.9ஐத் தாண்டினால்தான் அதிக எடை. ஆகவே இவன் இயல்பான எடையில் இருக்கிறான். அதே சிறுவன் முதுகைக் கொஞ்சம் வளைத்து, தாடையைத் தாழ்த்தி நின்றால் உயரம் 128 என்று பதிவாகும். பி.எம்.ஐ. 18.3 ஆகிவிடும். அவன் பெயருக்கு எதிரே ‘அதிக எடை’ என்று எழுதப்படும். பையன் மாறவில்லை. அளந்தவர் அவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளின் உடல்தகுதியைப் பற்றிப் பேசும்போது செயலி, இணையதளம், தேசியத் தரவுத்தளம் என்றெல்லாம் பேசுகிறோம். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஓர் ஆசிரியரின் கையும் கண்ணும். அவை பழகியிருந்தால் எண்ணுக்குப் பொருள் உண்டு; பழகாவிட்டால் கோடிக்கணக்கில் எண்களைச் சேர்த்தாலும் அதிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றிக்கூட எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தியாவில் இந்த அளவீடு பெரிய அளவில் தொடங்கியது கேலோ இந்தியா திட்டத்தின் வழியாக. 2017 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அத்திட்டத்தை 1,756 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு மாற்றியமைத்தபோது, அதன் 12 பிரிவுகளில் ஒன்றாகப் பள்ளி மாணவரின் உடல்தகுதியையும் சேர்த்தது. 2019 பிப்ரவரியில் அதற்கான கைப்பேசிச் செயலி வந்தது. 5 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மூன்று அளவீடுகள்: பி.எம்.ஐ., ஒற்றைக்காலில் நிற்கும் ஃபிளமிங்கோ சோதனை, இரண்டு வட்டத் தட்டுகளைக் கையால் மாறி மாறித் தட்டும் சோதனை. 9 வயதிலிருந்து 18 வரை பி.எம்.ஐ.யோடு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னால் எட்டும் சோதனை, 30 நொடி பாதி எழும் வயிற்றுப் பயிற்சி, தண்டால். மாணவிகளுக்குத் தண்டாலின் மாற்றிய வடிவம். தலைமைப் பயிற்சியாளர்களுக்கு முதலில் கற்றுத்தருவது, அவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களுக்குக் கற்றுத்தருவது, ஆசிரியர்கள் பள்ளியில் அளந்து செயலியில் பதிவது என்பது ஏற்பாடு.

சோதனைகளின் தேர்வில் பெரிய குறை சொல்ல மாட்டேன். ஃபிளமிங்கோவும் தட்டு தட்டலும் ஐரோப்பிய கவுன்சில் 1988இல் வெளியிட்ட யூரோஃபிட் தொகுப்பில் இடம்பெற்றவை. உட்கார்ந்து எட்டும் சோதனை 1952இலேயே ஆய்விதழில் வெளிவந்தது. எல்லாமே அதிகச் செலவில்லாதவை. ஆனால் மலிவான சோதனைக்குத் தனி அபாயம் ஒன்று உண்டு: பார்ப்பதற்கு யாரும் செய்துவிடலாம் போலத் தோன்றும்.

ஐம்பது மீட்டர் ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்கக் கோட்டில் ஒருவர் விசில் ஊதுகிறார். முடிவுக் கோட்டில் ஸ்டாப் வாட்ச்சோடு இன்னொருவர் நிற்கிறார். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். விசில் சத்தம் 50 மீட்டரைக் கடந்து அவர் காதுக்கு வரக் கிட்டத்தட்ட 0.15 நொடி ஆகும். சத்தம் கேட்டு வாட்ச்சை அழுத்துபவர் அந்த நேரத்தைப் பிள்ளைக்கு இனாமாகக் கொடுத்துவிடுகிறார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் கொடி இறங்குவதைக் கண்ணால் பார்த்து அழுத்துகிறார். அவருடைய மாணவர்கள் எல்லோரும் ‘மெதுவாக’ ஓடியவர்களாகிவிடுகிறார்கள். ஐம்பது மீட்டரில் பத்திலொரு பங்கு நொடிகள்தான் ஒரு நிலையையும் அடுத்த நிலையையும் பிரிக்கின்றன. தடகளப் போட்டிகளில் அலுவலராக நின்றவர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் விளையாட்டு விழாவில் யார் முதல் என்று மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கவனம் தானாக வருவதில்லை.

அறுநூறு மீட்டரில் சிக்கல் வேறு. நம் பள்ளிகளில் 400 மீட்டர் ஓடுபாதை அபூர்வம். 200 மீட்டர் இருந்தாலே பெரிய மைதானம். கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் இடையில் 100 மீட்டர் சுற்று போட்டு ஆறு முறை ஓடவைத்தால், ஒவ்வொரு முனையிலும் பிள்ளை வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தை நல்ல பாதையில் ஓடிய பிள்ளையின் நேரத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை. சுற்றின் நீளத்தைச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே டேப் வைத்து அளப்பதும் தவறு. ஓடுபவர் கோட்டிலிருந்து சற்று விலகித்தான் ஓடுவார் என்பதால் தடகள விதிகளும் கோட்டைவிட்டுத் தள்ளியே அளக்கச் சொல்கின்றன. பிள்ளைகள் முதல் நூறு மீட்டரை வேகப் போட்டி போல ஓடி, முந்நூறில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவதையும் பார்க்கலாம். அது நெஞ்சுறுதியின் குறை இல்லை, வேகத்தைப் பங்கிட்டு ஓட யாரும் சொல்லித்தராததன் விளைவு. சோதனைக்கு முந்தைய வாரங்களில் இரண்டு மூன்று முறை மெதுவாக ஓடிப் பழக்கிய பிறகு அளப்பதே சரி. பயிற்சி பெற்ற ஆசிரியர் இதைச் செய்வார். கடைசித் தேதிக்குள் பதிவேற்ற வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர் செய்ய மாட்டார்.

உட்கார்ந்து எட்டும் சோதனையில் பெட்டியே ஏமாற்றும். பாதம் படும் இடத்தைச் சில பெட்டிகள் 23 சென்டிமீட்டர் என்று குறிக்கின்றன, சில 26, சில 15, சில பூஜ்யம். உள்ளூர்த் தச்சரிடம் செய்து வாங்கிய பெட்டியில் எது என்று தெரியாமல் எழுதினால், ஒரு பள்ளியே வில்லாக வளைவதாகவோ இன்னொரு பள்ளியே விறைத்துப்போனதாகவோ பதிவாகும். முழங்காலை மடக்கி எட்டுவது, ஆட்டம் கொடுத்து ஒரு வீச்சில் தொட்டுவிட்டுக் கையை எடுப்பது ஆகிய இரண்டும் கணக்கில் வரக் கூடாது. எட்டிய இடத்தில் ஓரிரு நொடி நிலைக்க வேண்டும்.

ஃபிளமிங்கோ சோதனையில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. ஐந்து சென்டிமீட்டர் உயரமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள கட்டையின் மேல் ஒற்றைக்காலில் நின்று, அறுபது நொடியில் எத்தனை முறை சமநிலை தவறுகிறது என்று எண்ண வேண்டும். பிள்ளை இறங்கும்போதெல்லாம் வாட்ச்சை நிறுத்தி, மறுபடி நின்றதும் தொடர வேண்டும். நிற்கும் நேரம்தான் அறுபது நொடி. வாட்ச்சை நிறுத்தாமல் ஓடவிட்டால் தடுமாறும் பிள்ளை கீழே நிற்கும் நேரமும் சேர்ந்துவிடும், விழுந்த எண்ணிக்கை குறையும், உதவி தேவைப்படும் பிள்ளை ‘நன்று’ என்ற பட்டியலில் போய்ச் சேரும். முதல் 30 நொடிக்குள் பதினைந்து முறைக்கு மேல் விழுந்தால் சோதனையை அத்தோடு நிறுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையைத் திரும்பத் திரும்ப விழவைத்து வகுப்பைச் சிரிக்கவைக்கக் கூடாது என்பதற்காகவும் அது தேவை.

இவற்றையெல்லாம் உடற்கல்விப் பட்டதாரிகள் படிக்கவில்லையா என்று கேட்கலாம். படிக்கிறார்கள். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கி, இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டுக்கென்று தனி உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பி.பி.எட். பாடத்திட்டத்தில் அளவீடும் மதிப்பீடும் ஒரு தாளாகவே உள்ளது. நம்பகத்தன்மை, ஏற்புடைமை, புறவயத்தன்மை என்ற சொற்களை எழுதித் தேர்ச்சி பெற்றுத்தான் வெளியே வருகிறார்கள். ஆனால் வேலைக்கு வந்தபின் பள்ளி அவர்களிடம் கேட்பது குறுவட்டப் போட்டியில் கோப்பை, காலை வழிபாட்டில் ஒழுங்கு, கூடவே வேறு ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வது. வகுப்பின் நாற்பது பேரையும் அளந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து, யாருக்கு என்ன முன்னேற்றம் என்று பார்க்கும்படி எவரும் கேட்பதில்லை. கேட்காத திறமை மழுங்கும். இதில் ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகவே பயிற்சி என்றால் காணொளி பார்த்து, வினாடிவினாவுக்கு விடை சொல்லிச் சான்றிதழ் பெறுவது போதாது. செயலியில் எண்ணை எங்கே இடுவது என்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எண்ணை எப்படிப் பெறுவது என்பதற்குப் பிள்ளைகள் வேண்டும், மைதானம் வேண்டும், தவறினால் திருத்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். மனித உடலின் அளவுகளை எடுக்கும் துறையான மானிட அளவியலில் நெடுங்காலமாக உள்ள எளிய முறை ஒன்று இருக்கிறது. இருபது பிள்ளைகளை இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாமல் அளக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை எடுத்து வர்க்கமாக்கிக் கூட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் அளவீட்டுப் பிழை கைக்கு வந்துவிடும். ஒரே ஆசிரியர் அதே பிள்ளைகளை மறுநாள் அளந்தும் இதைப் பார்க்கலாம். தன் பிழை எவ்வளவு என்று தெரிந்த ஆசிரியர், போன முறையைவிட அரை சென்டிமீட்டர் கூடியதைப் பார்த்து முன்னேற்றம் என்று மகிழ்வதா, பொறுப்பதா என்பதைத் தானே முடிவு செய்வார். எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பயனுள்ள அரைநாள் பயிற்சி இல்லை.

பள்ளி ஆசிரியர்களால் இவ்வளவு துல்லியமாக அளக்க முடியுமா என்ற ஐயத்துக்கு அமெரிக்காவிலிருந்து நல்ல விடை உண்டு. டெக்ஸாஸ் மாநிலம் 2007இல் சட்டம் இயற்றி, மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உடல்தகுதிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அங்கே ஆசிரியர்கள் எடுத்த அளவுகளைத் தேர்ந்த ஆய்வாளர்கள் எடுத்தவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆசிரியரால் முடியும், கற்றுத்தர வேண்டும், பிறகு சரிபார்க்கவும் வேண்டும்.

இதை நாற்பதாண்டுகளாக அமைதியாகச் செய்துவரும் நாடு ஸ்லோவேனியா. மக்கள்தொகை சுமார் இருபது லட்சம்தான். 1980களில் தொடங்கிய அவர்களுடைய முறை இப்போது ஸ்லோஃபிட் என்று அழைக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் பள்ளிகள்தோறும் உடற்கல்வி ஆசிரியர்கள் அளக்கிறார்கள். உயரம், எடை, மேல்கைத் தோல்மடிப்பின் தடிமன் ஆகியவற்றோடு எட்டு உடலியக்கச் சோதனைகள். தட்டு தட்டலும் 600 மீட்டர் ஓட்டமும் அங்கேயும் உண்டு. பெற்றோர் சம்மதித்தால் பிள்ளையின் விவரம் லுப்லியானா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்குப் போகிறது. அந்த ஆசிரியர்களை உருவாக்குவதும் அதே துறைதான். எனவே படிக்கும்போது அளக்கக் கற்ற இடத்துக்கே பிறகு தான் அளந்ததை அனுப்புகிறார் ஆசிரியர். அங்கிருந்து அவருடைய பள்ளிக்கான அறிக்கை திரும்பி வருகிறது. இந்தத் திரும்பி வருதல்தான் உயிர்நாடி என்று நினைக்கிறேன். தான் அனுப்பிய எண் தன் மாணவனைப் பற்றி ஒரு செய்தியாகத் திரும்பி வரும் என்று தெரிந்தவர் கவனமாக அளப்பார். எங்கோ ஒரு தளத்தில் போய் மறையும் எண்ணை யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் உடல்தகுதி பதிவுகள் தொடங்கிய காலம் முதல் காணாத அளவுக்குச் சரிந்ததை அந்நாட்டால் உடனே காட்ட முடிந்தது. ஒப்பிட நெடுங்காலத் தரவு அவர்கள் கையில் இருந்தது.

அளந்த எண்ணைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரே வகுப்பில் வளர்ச்சி ஏறிவிட்ட பிள்ளையும் இன்னும் தொடங்காத பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் உடல் வயது இரண்டு ஆண்டு வேறுபடலாம். திடீரென்று கால் நீண்ட பையன் முன்னைவிடக் குறைவாகவே எட்டுவான். அவன் சோம்பேறியாகிவிட்டான் என்று பொருளில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பூப்பை ஒட்டி எடை கூடுவது இயற்கை. இதையெல்லாம் அட்டவணை சொல்லாது, ஆசிரியர் சொல்ல வேண்டும்.

எந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 1950களின் தொடக்கத்தில், அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் எளிய தசைச் சோதனை ஒன்றில் தவறினார்கள், ஐரோப்பியப் பிள்ளைகளில் பத்திலொரு பங்குகூடத் தவறவில்லை என்ற ஆய்வு அங்கே பதற்றத்தைக் கிளப்பியது. அதிபர் ஐசன்ஹோவர் 1956இல் இளைஞர் உடல்தகுதிக்கென ஒரு குழுவை அமைத்தார். 1966இல் அதிபரின் உடல்தகுதி விருது வந்தது. எல்லாச் சோதனைகளிலும் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரை முந்தினால்தான் விருது. ஏற்கெனவே ஓடுகிற பிள்ளைகளுக்கு அது பதக்கம், மற்றவர்களுக்கு வருடாந்தர அவமானம். 2012-13 கல்வியாண்டோடு அதைக் கைவிட்டு, உடல்நலத்துக்கு எவ்வளவு தகுதி தேவை என்று வரையறுக்கும் ஃபிட்னஸ்கிராம் முறைக்கு மாறினார்கள். அந்த முறையில் வகுப்பு முழுவதுமே நலமான எல்லைக்குள் வர இடமுண்டு. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் பழைய சோதனையை மீட்கும் ஆணையில் கையெழுத்திட்டிருப்பது எனக்குக் கவலை தருகிறது. நம் ஊரிலும் திறமையாளரைத் தேடும் ஓட்ட, தாண்டுதல் போட்டிகளும் எல்லாப் பிள்ளைகளின் நலத்தை அறியும் சோதனைகளும் ஒன்றாகவே பார்க்கப்படுகின்றன. முதலாவது பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது, அந்தப் பத்துப் பேரைத் தவிர்த்த மற்றவர்களுக்காகவே இருக்கிறது.

முடிவைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பயிற்சிகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மிகுந்த கேடு விளையும் இடம் அதுதான். கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, பி.எம்.ஐ. முடிவைப் பெற்றோருக்கு அனுப்புவதால் பிள்ளைகளின் எடை சீரடையவில்லை என்று கண்டது. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடல்மீது அதிருப்தி கூடியது. நியூயார்க் நகரப் பள்ளி மாணவிகளைப் பற்றி 2016இல் வந்த ஆய்வும் ‘அதிக எடை’ என்று எழுதி அனுப்பியதால் பயன் காணவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் வகுப்பை வரிசையில் நிற்கவைத்து, எடையை உரக்கச் சொல்லி, மாணவத் தலைவனை எழுதவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராக, மாணவியரைப் பெண் ஆசிரியர் அளக்க வேண்டும். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுத வேண்டும். பிள்ளையிடம் அவளுடைய போன முறை அளவோடு மட்டும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். இதைப் பயிற்சியில் நடித்துப் பழக வேண்டும், சுற்றறிக்கையில் ஒரு வரியாகப் போட்டால் நடக்காது.

ஓடவிடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு: ஓடும்போது நெஞ்சு வலித்ததா, மயங்கி விழுந்ததுண்டா, வீசிங் இருக்கிறதா, இதயத்தில் ஏதாவது கோளாறு என்று மருத்துவர் சொன்னாரா, இந்த வாரம் காய்ச்சலா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவர் பார்க்கும்வரை 600 மீட்டர் வேண்டாம். மார்ச் மாதத்து மதியத்தில் யாரையும் ஓடவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாலும் சொல்லிவிடுகிறேன்.

சி.பி.எஸ்.இ. மேல்நிலை உடற்கல்விச் செய்முறைத் தேர்வில் இந்தக் கேலோ இந்தியா சோதனைக்கு ஆறு மதிப்பெண் உண்டு. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு அதற்குப் பதிலாக அமெரிக்காவில் உருவான பிராக்போர்ட் தொகுப்பிலிருந்து நான்கு சோதனைகள். மாற்றுத்திறன் மாணவரையும் சேர்த்துக்கொண்டது மனதார வரவேற்கத்தக்கது. அந்தத் தொகுப்பின் இருபத்தேழு சோதனைகளில் எந்த மாணவருக்கு எவை பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கும் அறிவுக்குத் தனிப் பயிற்சி தேவை. ஆனால் மதிப்பெண்ணோடு கட்டியது எனக்கு ஏற்பில்லை. தேர்வில் எண் ஒன்று மார்க் ஆகும்போது தாராள மனம் கொண்ட ஆசிரியரின் ஸ்டாப் வாட்ச் மெதுவாக ஓடத் தொடங்கும்.

கடைசியாக, யாருக்குப் பயிற்சி என்பதையே திருத்திக்கொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளிகளில் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பல பாடங்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள் வேலைக்கு நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் உடற்கல்விக்கு வந்தவர்களும் உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கோ உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லை. ஆக, 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் ஃபிளமிங்கோவையும் தட்டு தட்டலையும் ஈராசிரியர் பள்ளியின் வகுப்பாசிரியைதான் அளக்க வேண்டும். அவருக்கென்று யாரும் பயிற்சி திட்டமிடுவதில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்துக்காக வட்டார அளவில் கூடும் பயிற்சிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் ஓர் அரைநாளை இதற்கு ஒதுக்கி, பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைப் பயிற்றுநராக அழைத்து, அருகிலுள்ள பள்ளியிலிருந்து இருபது பிள்ளைகளை வரவழைத்தால் போதும். மரக்கட்டை, இரண்டு அட்டைத் தட்டுகள், ஒரு ஸ்டாப் வாட்ச், நேராக நிற்கும் உயர அளவுகோல், நம்பகமான எடைக் கருவி ஆகியவற்றை, சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுதோறும் வரும் 5,000 ரூபாய் விளையாட்டு நிதியைக் கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக வாங்கிவிடலாம்.